நடுவில் வளையும் கடல்

பாம்பூஃப்ளாட்
4 ஆகஸ்ட் 2024

அன்பு நளினிக்கு,

இங்கே கடல் சௌக்கியம், அலமு சௌக்கியம், அந்த வரிசையில மூணாவதா நானும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை ரவிச்சந்திரனும் எப்படி இருக்கீங்க? உன் கம்ப்யூட்டர் கடை எப்படிப் போகுது? திக்லிபூர்ல மழை விட்டுதா?

போன் பண்ணலாம்தான். ஆனா உங்க ஊர் டவர் நீ பேசறதுல பாதியத் தின்னுட்டு மீதியத்தான் எனக்குக் கொடுக்குது. ஒச்சப்பன் எப்படியும் திக்லிபூர் பஸ்ல கண்டக்டரா வந்து போயிட்டிருக்கான். அவன் பையில ஒரு கவர் கெடந்தா என்ன கெட்டுப்போச்சு? ஒரு டீ வாங்கிக் குடுத்தா சந்தோஷமா கொண்டுவருவான்.

விஷயத்துக்கு வரேன். நீ புதுசு வாங்கினப்ப என் தலையில கட்டின லேப்டாப்புக்கு உடம்பு சரியில்ல. அதுல நீயே போட்டுக்குடுத்த படகு விளையாட்டு இருக்கே, அதுலதான் கோளாறு. காலையில ஃபெர்ரிய சாத்தமுக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் ஓட்டி முடிச்சு, சாப்பிட்டு, மத்தியானம் ஒரு மணி நேரம் அதுல உக்காருவேன். "நாள் முழுக்க வீல் பிடிச்சது போதாதா, வீட்டுலயும் படகா?"ன்னு அலமு கேக்கறா. அவளுக்கு என்ன தெரியும்? இந்தப் படகுல பாசஞ்சர் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது, "பையா, கித்னா டைம் லகேகா"ன்னு, இன்னும் எவ்வளவு நேரமாகும்னு கேக்க ஆள் கிடையாது. மஞ்சள் படகு, சின்னச் சின்னத் தீவு, எப்பவும் விடிகாலை வெளிச்சம். போய்க்கிட்டே இருக்கலாம்.

அந்தக் கடல் இப்ப நடுவுல வளையுது. தொடுவானம் ரெண்டு பக்கமும் நேரா இருக்கு, நடுவுல மட்டும் தூளி மாதிரி தொய்ஞ்சு தொங்குது. படகு அதுல இறங்கப் போகுதுன்னு நெனைச்சா அது கூடவே நகருது. பாக்க அழகாத்தான் இருக்கு. இருந்தாலும் வியாதி வியாதிதானே, வைத்தியம் சொல்லு.

பிப்ரவரியில வருஷாந்திர மெடிக்கல் வருது. அதுக்கு முன்னாடி ஒரு தடவ நீங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போங்க.

அண்ணன்,
பக்தவத்சலம்


திக்லிபூர்
13 ஆகஸ்ட் 2024

அண்ணாவுக்கு நளினியின் வணக்கம். நாங்க நல்லா இருக்கோம். பாக்கு மரத்துக்கெல்லாம் மழை ஜாஸ்தி, எனக்குத் தும்மல் ஜாஸ்தி, வேற குறை இல்ல.

தலையில கட்டினேனா? அந்த லேப்டாப்புல தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு, தெரியுமா? கேட்ட ஆளுங்களுக்கெல்லாம் இல்லன்னுட்டு உங்களுக்குக் குடுத்தேன். நன்றி கெட்ட மனுஷன்.

சரி, வைத்தியம். முதல்ல, லேப்டாப்ப மெத்தை மேல வெச்சு ஆடறீங்களா? ஆடுவீங்க. அடியில காத்துப் போற ஓட்டை அடைஞ்சா சூடேறும், சூடேறினா படம் கோணும். பலகை மேல வைங்க. அடுத்து, கிராஃபிக்ஸ் கார்டோட டிரைவர் பழசா இருக்கும். கார்டையும் விண்டோஸையும் பேச வைக்கற சின்ன ப்ரோகிராம் அது. நெட் நல்லா வர்ற நேரமா பாத்து அதைப் புதுசாக்குங்க. எப்படின்னு பின்பக்கம் படம் போட்டிருக்கேன். பண்ணிட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

மெடிக்கல்னு எழுதினதும் ஞாபகம் வருது. போன வருஷம் கண் டெஸ்ட்டுக்கு வரிசையில கடைசியா நின்னு, முன்னாடி நிக்கறவங்க படிக்கறதக் கேட்டே போர்டை மனப்பாடம் பண்ணிட்டீங்களாமே? அண்ணி சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. சுகர் எவ்வளவு இருக்கு? "சௌக்கியம்"னு எழுதாதீங்க, நம்பர் எழுதுங்க.

தங்கை,
நளினி


பாம்பூஃப்ளாட்
1 செப்டம்பர் 2024

அன்பு நளினிக்கு,

கடல் சௌக்கியம், அலமு சௌக்கியம், நான் சௌக்கியம். சுகர் நார்மல்.

டிரைவர் பழசாயிடுச்சு, மாத்துன்னு எழுதியிருந்தியா, அலமு படிச்சுட்டு, "உங்களைத்தான் சொல்றாளோ"ன்னு ஒரே சிரிப்பு. போகட்டும், மாத்திட்டேன். பலகையும் வெச்சுட்டேன். படகு முன்னைவிட வேகமா போகுது, தண்ணியில சூரியன் விழறதுகூட புதுசா தெரியுது. ஆனா வளைவு அப்படியே இருக்கு.

கூடவே இன்னொண்ணும் சேர்ந்துக்கிச்சு. கடல் நடுவுல ஒரு சாம்பல் கலர் பூ பூத்திருக்கு. ஓரமெல்லாம் மங்கலா, புகையில செஞ்ச பூ மாதிரி. நான் எந்தத் தீவைப் பாத்தாலும் அந்தத் தீவு மேல வந்து உக்காந்துக்குது. ஒவ்வொரு தீவுக்கும் நான் பேர் வெச்சிருக்கேன். சின்னது உன் பேர், தென்னை மரம் இருக்கறது அலமு பேர். நேத்து நளினித் தீவை ரொம்ப நேரம் தேடினேன். பூவுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருந்தே.

லேப்டாப்புக்கும் கண்ணாடிக்கும் இந்த ஊர் உப்புக்காத்து ஆகாது போல. ஃபெர்ரியில வீல் ரூம் கண்ணாடி வழியா பாத்தா ஹேடோ துறைமுகத்து கிரேன்கூட இடுப்புல கொஞ்சம் நெளிஞ்சு தெரியுது. பழைய கண்ணாடி, மாத்தணும்.

மெடிக்கல் பத்தி நீ கவலைப்படாதே. அதுல தேறலன்னு என் சீட்டைக் கிழிச்சுட்டாங்கன்னா கரையில உக்காந்து டிக்கெட் கிழிக்கணும். அதுக்கு நான் ஆள் இல்ல. நளினி, அந்த வீலைப் பிடிச்சு நிக்கறப்ப மட்டும்தான் நான் ஏதோ ஒரு ஆள்னு எனக்குத் தோணும். கரையில நான் யாரு? சட்டை போட்ட ஒருத்தன்.

அண்ணன்,
பக்தவத்சலம்


திக்லிபூர்
9 செப்டம்பர் 2024

அண்ணாவுக்கு,

நலமா? நாங்க நலம். தும்மல் போயிடுச்சு.

"நார்மல்" ஒரு நம்பர் இல்ல.

பூ பூக்குதுன்னா கதையே வேற. விளையாட்டோட ஃபைல் ஏதோ கெட்டிருக்கலாம், இல்லாட்டி கார்டோட மெமரி போயிருக்கலாம். கடையில இதைப் பாத்திருக்கேன், படத்து மேல கறை கறையா வரும். விளையாட்டைத் திறக்கற எடத்துல ஃபைலை சரிபார்க்கற பட்டன் இருக்கு, அதை அழுத்துங்க. புது டிரைவர் சரிப்படலன்னா பழசுக்கே திரும்பிடலாம், தப்பில்ல. செட்டிங்ஸ்ல "வி-சிங்க்"னு இருக்கறதை ஆன் பண்ணுங்க, படம் கிழியாம வரும். நிழல், தண்ணி ரெண்டையும் குறைச்சு வைங்க. அடிமூடியக் கழட்டி ஃபேனை பிரஷ்ஷால தொடைங்க. போன தடவ நான் வந்தப்ப உள்ள எறும்பு குடும்பம் நடத்திக்கிட்டு இருந்துது.

எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க. ஒண்ணை மாத்துங்க, பாருங்க, அப்புறம் அடுத்தது. அப்பத்தான் கோளாறு எதுலன்னு தெரியும். ரிப்பேர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை அதுதான்.

அண்ணா, உங்க எழுத்து ஏன் வலது பக்கம் போகப் போக மேல ஏறுது? படகு ஓடறப்பவே எழுதறீங்களா? கடைசி வரி முன் வரி மேலயே ஏறி உக்காந்திருக்கு. "சட்டை போட்ட ஒருத்தன்"ங்கறதைப் படிக்க எனக்கு ரொம்ப நேரமாச்சு. படிச்சப்புறம் கோவம் வந்துது. அப்படியெல்லாம் எழுதாதீங்க.

தங்கை,
நளினி


பாம்பூஃப்ளாட்
20 அக்டோபர் 2024

அன்பு நளினிக்கு,

பதில் போட நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. கடல் சௌக்கியம், அலமு சௌக்கியம், நானும் அப்படித்தான்.

நீ சொன்னதெல்லாம் ஒண்ணொண்ணா பண்ணேன். எறும்பு இல்ல, ஒரு பல்லி முட்டை இருந்துது. வி-சிங்க் போட்டதும் படகு எண்ணெய்ல போற மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது. ஆனா வளைவும் போகல, பூவும் போகல. இப்ப நூல் நூலா கறுப்பா என்னமோ மிதக்குது. கரித்தூள்ல செஞ்ச மீன் கூட்டம்னு வெச்சுக்கோ. அதுங்க பாட்டுக்கு வானத்துல ஏறுது, தீவைத் தாண்டிப் போகுது, திரும்பிப் பாத்தா அதுவும் திரும்புது. முதல்ல பயமா இருந்துது, இப்ப பழகிடுச்சு. சில நாள் படகை நிறுத்திட்டு அதுங்களையே பாத்துக்கிட்டு இருக்கேன்.

அந்த விளையாட்டுல ஒரு லைட் ஹவுஸ் இருக்கில்ல, அது ரொம்ப வெக்கப்படுது. நேரா பாத்தா காணாமப் போயிடுது. கொஞ்சம் ஓரமா, வேற எங்கயோ பாக்கற மாதிரி பாத்தா மெதுவா வந்து நிக்குது. புதுப் பொண்ணு மாதிரி. இந்த மாதிரி ஒரு கோளாறை யாரு கண்டுபிடிச்சு உள்ள வெச்சான்னு ஆச்சரியமா இருக்கு. சரிபண்ணணும்தான், ஆனா அவசரமில்ல.

வேலையில விசேஷம் ஒண்ணுமில்ல. சாத்தம் ஜெட்டியில போன வாரம் ஃபெர்ரியைக் கரை சேக்கறப்ப சின்னதா ஒரு முட்டல், அவ்வளவுதான், நீரோட்டம். கயிறு போடற சிவப்பிரகாசம் இப்பல்லாம் முன்னாடி போய் நின்னுக்கிட்டு, "பாஸ், பாஞ்ச் மீட்டர்... தீன் மீட்டர்... பஸ், பஸ்"னு, ஜெட்டிக்கு இன்னும் எத்தனை மீட்டர், எங்க போதும்னு கத்திச் சொல்றான். நான் கேக்கல, அவனாத்தான் ஆரம்பிச்சான். நல்ல பையன்.

அண்ணன்,
பக்தவத்சலம்


திக்லிபூர்
27 அக்டோபர் 2024

அண்ணாவுக்கு,

நாங்க நலம். நீங்க நலமான்னு கேக்கறேன், நெஜமாவே கேக்கறேன்.

சின்ன முட்டலா? ஒச்சப்பன் அண்ணன் சொன்னார், நர்சிங் படிக்கற பொண்ணு ஒருத்தி விழுந்து தாடையில தையல் போட்டிருக்காங்கன்னு. அதை ஏன் எனக்கு எழுதல? பல்லி முட்டைய எழுதத் தெரியுது. இருபது வருஷத்துல ஜெட்டியை உரசினதே இல்லன்னு தீபாவளிக்குத் தீபாவளி பெருமை பேசுவீங்களே, அந்த ஜெட்டியில இப்ப என்ன ஆச்சு?

எனக்கு என்னமோ சரியாப் படல. என்னன்னு சொல்லவும் தெரியல. எனக்குத் தெரிஞ்சது மெஷின்தான், அதையாவது ஒழுங்கா பாக்கறேன்.

படம் கோணறப்ப, பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்தி ஸ்கிரீனை அப்படியே படமா பிடிங்க. நாலஞ்சு எடுத்து இந்த பென்டிரைவ்ல போட்டு அனுப்புங்க. அந்தப் படத்துலயும் வளைவு இருந்தா கோளாறு உள்ள, கார்டுல. படம் நேரா இருந்தா கோளாறு வெளிய, ஸ்கிரீன்ல. அப்புறம், லேப்டாப்பை உங்க டிவியில மாட்டி ஆடிப் பாருங்க. கேபிள் வெச்சிருக்கேன். டிவியில ஒழுங்கா வந்தா ஸ்கிரீனை மாத்திடலாம், நானே வாங்கித் தரேன்.

தங்கை,
நளினி


பாம்பூஃப்ளாட்
17 நவம்பர் 2024

அன்பு நளினிக்கு,

இங்கே கடல் சௌக்கியம், அலமு சௌக்கியம். மழை விட்டு விட்டு.

பென்டிரைவ் ஒச்சப்பன்கிட்ட குடுத்திருக்கேன். வளைவு, பூ, மீன் எல்லாம் ஒண்ணா தெரியறப்ப பாத்துத்தான் எடுத்தேன். டிவியிலயும் மாட்டினேன். டிவி பெருசு, அதனால பூவும் பெருசு. அதே எடம், அதே வளைவு. அலமு பக்கத்துல உக்காந்து, "எங்க பூ, எங்க பூ"ன்னு கேட்டா. அவளுக்கு விளையாட்டு பழக்கமில்ல, என்ன பாக்கணும்னு தெரியல. விட்டுட்டேன்.

அந்தப் பொண்ணு பேரு சித்ரா. இப்பவும் என் ஃபெர்ரியிலதான் காலேஜுக்குப் போறா. தையல் பிரிச்சாச்சு. முந்தாநாள் ஏறறப்ப நானா போய், "எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டேன். "கோயி பாத் நஹி அங்கிள், சரியாயிடுச்சு"ன்னு சிரிச்சா. சிரிச்சான்னு குரல்ல தெரிஞ்சுது. அன்னிக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கல, நளினி. யாரு பெத்த பொண்ணோ, என்னை நம்பி ஏறுது.

வேற விசேஷமில்ல. சுகர் பாக்கற மெஷின்ல பேட்டரி தீர்ந்துடுச்சு.

அண்ணன்,
பக்தவத்சலம்


திக்லிபூர்
24 நவம்பர் 2024

அண்ணாவுக்கு,

நாங்க நலம்.

படமெல்லாம் பாத்தேன். கடல் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு. பூவும் இல்ல, மீனும் இல்ல. லைட் ஹவுஸ் ஜம்முனு நிக்குது. எனக்குத்தான் தெரியலயோன்னு கடைக்கு வந்த ரெண்டு பேருக்குக் காட்டினேன். "தீதி, ஏக்தம் க்ளியர்"ங்கறாங்க. நளினித் தீவுல ஒரு பெஞ்சுகூட போட்டிருக்காங்க, பாத்தீங்களா?

அப்ப கோளாறு கார்டுல இல்ல. ஸ்கிரீன்லன்னு வெச்சுக்கிட்டா டிவியில எப்படி வரும்? ரெண்டு ஸ்கிரீன் ஒரே எடத்துல கெட்டுப்போனதா நான் கேள்விப்பட்டதே இல்ல. மண்டை காயுது. நீங்க சொல்றது எனக்குப் புரியலயோ என்னமோ, அதனால இப்படிப் பண்ணலாம். கடைக்கு வர்ற ஸ்கிரீனையெல்லாம் நான் டெஸ்ட் பண்றது கட்டத்தை வெச்சுத்தான். கறுப்புக் கோட்டுல பொடிக் கட்டம், நடுவுல ஒரு புள்ளி. அதைப் பென்டிரைவ்ல போட்டிருக்கேன். அதையே பேப்பர்லயும் அடிச்சு வெச்சிருக்கேன். ஸ்கிரீன்ல கட்டத்தைத் திறந்து புள்ளியைப் பாருங்க. எந்தெந்தக் கட்டம் வளையுதோ, பேப்பர்ல அதே எடத்தைப் பென்சிலால சுத்தி வளைச்சு அனுப்புங்க.

பேட்டரி நாலு வாங்கி ஒச்சப்பன் அண்ணன்கிட்ட குடுத்திருக்கேன். இப்ப சாக்கு என்ன சொல்லுவீங்க?

தங்கை,
நளினி


பாம்பூஃப்ளாட்
15 டிசம்பர் 2024

நளினிக்கு,

பேப்பரை இதோட வெச்சிருக்கேன். பென்சிலால சுத்திக் காட்டியிருக்கேன்.

ஒரு விஷயம். உன் பிரிண்டருக்கும் இதே வியாதி வந்திருக்கு போல. பேப்பர்லயே நடுவுல கட்டமெல்லாம் வளைஞ்சுதான் இருக்கு. புள்ளியைக் காணோம், பூதான் இருக்கு. ஸ்கிரீன்ல இருக்கறதும் பேப்பர்ல இருக்கறதும் ஒண்ணாவே இருந்ததால, பேப்பர்ல எங்க வளைஞ்சிருக்கோ அங்கயே சுத்திட்டேன்.

அலமுகிட்ட பேப்பரைக் காட்டல. நீ பாத்துட்டு எழுது.

பக்தவத்சலம்


திக்லிபூர்
17 டிசம்பர் 2024

அண்ணா,

போன் பண்ணிப் பண்ணிப் பாத்தேன், எடுக்க மாட்டேங்கற. அண்ணி போன் ஸ்விட்ச் ஆஃப். அதனால இதை ஒச்சப்பன் அண்ணன்கிட்ட குடுத்து, பஸ் ஸ்டாண்டுல வெச்சுத் தராதீங்க, ஃபெர்ரியில ஏறி அவர் கையிலயே குடுங்க, படிக்கற வரைக்கும் அங்கயே நில்லுங்கன்னு சொல்லியிருக்கேன்.

பேப்பர்ல கோடு நேரா இருக்கு. ஸ்கேல் வெச்சுப் பாத்தேன். ஒரு மயிரளவு வளைவு இல்ல. நீ பென்சிலால சுத்தின எடத்துல நல்ல நேரான கட்டம் இருக்கு, நடுவுல புள்ளி இருக்கு.

லேப்டாப்புல டிரைவரை மாத்தினோம், ஸ்கிரீனை மாத்தினோம், கடைசியில ஸ்கிரீனே இல்லாத வெறும் பேப்பருக்கு வந்துட்டோம். மாத்தாத பொருள் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. உன் கண்ணு. லேப்டாப்புக்கு ஒண்ணுமில்ல அண்ணா. அது முதல் நாள்ல இருந்தே நல்லாத்தான் இருந்துது.

உன் லெட்டரையெல்லாம் வரிசையா வெச்சுப் படிச்சேன். கிரேன் நெளியுதுன்னு எழுதியிருக்க. சிவப்பிரகாசம் மீட்டர் சொல்றான்னு எழுதியிருக்க. நேரா பாத்தா லைட் ஹவுஸ் தெரியலன்னு எழுதியிருக்க. அந்தப் பொண்ணு சிரிச்சது குரல்ல தெரிஞ்சுதுன்னுகூட எழுதியிருக்க. எல்லாத்தையும் எழுதிட்டு ஒண்ணை மட்டும் எழுதல. நானும் ஃபேனைத் தொடை, கேபிளை மாத்துன்னு உனக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். என்னைச் செருப்பாலயே அடிச்சுக்கலாம் போல இருக்கு.

இனிமே வீலைத் தொடாத. மெடிக்கல் வரைக்கும்கூட இல்ல, இந்த ட்ரிப்புகூட இல்ல, இப்பவே விடு. வீல் இல்லன்னா நீ யாருன்னு கேட்டியே. எனக்கு அண்ணன். அது உனக்குப் பத்தாதுன்னா நான் என்ன பண்ண முடியும்? உனக்கு வீல் பெருசு, எனக்கு நீ பெருசு, சித்ராவைப் பெத்தவளுக்கு சித்ரா பெருசு.

ஆஸ்பத்திரிக்குப் போ. சுகர்ல கண்ணு போறது உனக்கு மட்டும் வந்த அதிசயம் இல்ல, வைத்தியம் இருக்காம், சீக்கிரம் போனா. கோவத்துல நீ, வா, போன்னு எழுதிட்டேன். திருத்தப் போறதில்ல.

நளினி


பாம்பூஃப்ளாட்
12 ஜனவரி 2025

நளினிக்கு அண்ணி அலமு எழுதிக்கொண்டது. கடவுள் புண்ணியத்துல நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கமில்ல, தப்பிருந்தா பொறுத்துக்கோ.

உன் லெட்டருக்கு இத்தனை நாளா பதில் வரலன்னு நீ தவிச்சுப் போயிருப்ப. அவர் எழுதக்கூடாதுன்னுட்டார். போன் வந்தாலும் எடுக்காதேன்னார். இன்னிக்கு நானா எழுதறேன், அவருக்குத் தெரியாது.

அன்னிக்கு நடந்ததை சிவப்பிரகாசம்தான் வந்து சொன்னான். காலை ட்ரிப்பு, ஆள் எல்லாம் ஏறியாச்சு, ஒச்சப்பன் ஓடி வந்து லெட்டரைக் குடுத்தானாம். இவர் அதை இப்படிப் பிடிச்சு அப்படிப் பிடிச்சு ஓரமா ஓரமா பாத்துட்டு, "நீ படிடா"ன்னு சிவப்பிரகாசம்கிட்ட குடுத்துட்டாராம். அவன் படிச்சானாம். வீலைத் தொடாதங்கற எடம் வந்ததும் நிறுத்திட்டு இவர் மூஞ்சியைப் பாத்தானாம். "ம், மேல படி"ன்னு இவர் சொல்லி, முழுசும் கேட்டுட்டு, இன்ஜினை நிறுத்திட்டு இறங்கிப் போய் அவரே ஆபீஸ்ல சொல்லிட்டார். வேற செராங் வந்து ஓட்டற வரைக்கும் அத்தனை ஜனமும் உக்காந்திருந்துதாம்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பை என் பழைய புடவையில சுத்தி பீரோ மேல வெச்சார். எனக்கும் தெரியும் நளினி. டம்ளருக்கு வெளிய டீ ஊத்துவார், நான் பேசாம தொடைப்பேன். கேட்டா நெஜமாயிடுமோன்னு பயம். டிவியில எங்க பூன்னு கேட்டேனே, அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. கேக்காம விட்டது என் தப்பு, சிவப்பிரகாசமும் அதையேதான் சொல்லி அழுதான்.

முந்தாநாள்தான் இங்க டாக்டர் பாத்தார். ரெண்டு கண்ணுலயும் உள்ள நீர் கோத்திருக்காம், வலதுல ரத்தமும் கசிஞ்சிருக்காம். மெயின்லேண்டு போய் கண்ணுக்குள்ள ஊசி போடணுங்கறார். இவர் கப்பல்ல போலாங்கறார், டாக்டர் அவ்வளவு நாள் தாங்காது, ஃப்ளைட்ல போங்கன்னுட்டார். நாளைக்குக் கிளம்பறோம். சாமி கும்பிட்டுக்கோ. நீ கோவமா எழுதினதுதான் அவரை அசைச்சுது, அதனால கோவத்தை விட்டுடாதே.

அலமு


பாம்பூஃப்ளாட்
9 மார்ச் 2025

அன்பு நளினிக்கு,

இந்தத் தடவ முதல் வரியைக் கடைசியில எழுதறேன்.

நீ அனுப்பின கட்டத்தாளை அலமு கத்தை கத்தையா ஜெராக்ஸ் போட்டு வெச்சிருக்கா. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்துன்னு எழுதறேன். வரி மேல ஏறல பாரு. பேப்பர் நிறைய செலவானாலும் பரவால்ல, உனக்குப் படிக்கச் சுலபம்.

சென்னையில மூணு ஊசி ஆச்சு, இன்னும் இருக்கு. கண்ணுக்குள்ளயே ஊசின்னதும் நான் கட்டில்ல இருந்து இறங்கப் பாத்தேன், அலமு தோளைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டா. இடது கண்ணு தேறிடுச்சு. வலது பாதி. தினம் காலையில ஒரு கண்ணை மூடிக்கிட்டு உன் கட்டத்தைப் பாக்கணுமாம், டாக்டரே சொன்னார். அவங்களும் அங்க அப்படி ஒரு தாள்தான் வெச்சிருக்காங்க. எங்க வீட்டுல அடிச்சதுன்னு சொன்னேன், நம்பல. பூ சுருங்கி இப்ப பட்டாணி அளவு இருக்கு. மீனெல்லாம் எங்கயோ போயிடுச்சு. பொய் சொல்ல மாட்டேன், அதுங்களைக் கொஞ்சம் தேடத்தான் செய்யறேன்.

எனக்குத் தெரியும் நளினி. கிரேன் நெளிஞ்ச அன்னிக்கே தெரியும். லேப்டாப்புல கோளாறு இருந்துட்டா எனக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிடும், அதுக்குத்தான் உன்னை அவ்வளவு வேலை வாங்கினேன். அந்தப் பேப்பர்ல பென்சிலை வெச்சப்ப, உன் பிரிண்டர் மேல பழிய போட்டா நீ புரிஞ்சுக்குவேன்னு தோணுச்சு. வாயால சொல்ல எனக்கு வரல.

ஆபீஸ்ல என்னைக் கரையில போட்டுட்டாங்க. ஜெட்டியில டிக்கெட் கிழிக்கறேன், நெஜமாவே. முதல் நாள் ஃபெர்ரி கிளம்பறப்ப என் கை தானா திரும்புச்சு, கையில வீல் இல்ல, டிக்கெட் கட்டு. அன்னிக்கு சித்ரா வந்து டிக்கெட்டை நீட்டிட்டு, "அங்கிள், இங்கயா இருக்கீங்க, நல்லது"ன்னா. அவ தாடையில தையல் போட்ட தழும்பு எனக்கு முதல் தடவையா தெரிஞ்சுது. இவ்வளவு நீளம்னு நான் நெனைக்கல.

சிவப்பிரகாசம் செராங் பரீட்சைக்குப் படிக்கறான். ஜெட்டிக்கு வந்து சந்தேகம் கேக்கறான்.

புடவையைப் பிரிச்சு லேப்டாப்பை எடுத்தாச்சு. இப்ப ஆடறது அலமு. நான் பக்கத்துல உக்காந்து, "தீன் மீட்டர்... பஸ், பஸ்"னு கத்தறேன். அவ எங்க கேக்கறா? மஞ்சள் படகை ஒரு தீவு விடாம முட்டறா. நேத்து நளினித் தீவுல கொண்டுபோய் ஏத்தியே விட்டுட்டா. இறங்கிப் பாத்தோம். நீ சொன்ன பெஞ்சு இருக்கு.

இங்கே அலமு சௌக்கியம். கடல் சௌக்கியம்னு சிவப்பிரகாசம் சொல்றான், அவன் பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் அவ்வளவு சௌக்கியமில்ல, நளினி. சுகர் இன்னிக்குக் காலையில எரநூத்திப் பத்து.

அண்ணன்,
பக்தவத்சலம்